வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ்

வில்ஹெல்ம் ஸ்டைனிட்ஸ் (மே 14, 1836 – ஆகஸ்ட் 12, 1900) சதுரங்க விளையாட்டின் முதலாவது அதிகாரபூர்வ உலக வாகையாளர் ஆவார். ஆஸ்திரியப் பேரரசின் பொஹீமியாவில் பிறந்த இவர், இங்கிலாந்தில் இருபது ஆண்டுகள் வாழ்ந்து, பின்னர் ஐக்கிய அமெரிக்காவில் குடியேறினார். 1886 முதல் 1894 வரை உலக வாகைப் பட்டத்தைத் தம்மிடம் வைத்திருந்தார். தாக்குதல் ஒன்றையே திறமையாகக் கருதிய காலத்தில், நிலைசார் ஆட்டமுறை எனப்படும் புதிய அணுகுமுறையை உருவாக்கி, சதுரங்கத்தைக் காரண காரியத்தோடு விளக்கக்கூடிய ஒரு துறையாக மாற்றியமை இவருடைய முதன்மையான பங்களிப்பாகக் கருதப்படுகிறது.

இளமைக் காலம்

ஸ்டைனிட்ஸ் பிராக் நகரின் யூதர் குடியிருப்பில் பிறந்தார். இவருடைய தந்தை ஒரு தையற்காரர். பல பிள்ளைகளைக் கொண்ட அக்குடும்பம் வறுமையில் வாழ்ந்தது. சிறுவயதில் யூத சமய நூல்களைக் கற்ற ஸ்டைனிட்ஸ், ஏறத்தாழப் பன்னிரண்டு வயதில் சதுரங்கம் ஆடக் கற்றுக்கொண்டார்.

1850களின் இறுதியில் கணிதம் பயில்வதற்காக வியன்னா சென்று, அங்குள்ள தொழில்நுட்பக் கல்லூரியில் சேர்ந்தார். படிப்பு தொடரவில்லை, சதுரங்கம் தொடர்ந்தது. காப்பிக் கடைகளில் சிறு பந்தயங்களுக்கு ஆடி வருமானம் தேடினார். 1859இல் வியன்னா நகரப் போட்டியில் மூன்றாம் இடம் பெற்ற இவர், 1861இல் 31 ஆட்டங்களில் 30 புள்ளிகள் எடுத்து முதலிடம் பெற்றார். அக்காலத்தில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரராக மதிக்கப்பட்ட அமெரிக்கரான பால் மோர்ஃபியின் பெயரோடு சேர்த்து, ஆஸ்திரிய மோர்ஃபி என்று இவர் அழைக்கப்பட்டார். எதிராளியின் அரசனை நோக்கிக் காய்களைப் பலியிட்டுப் பாயும் ஆட்டமுறையே இப்பெயருக்குக் காரணம்.

இலண்டன் வாழ்க்கை

1862இல் இலண்டனில் நடைபெற்ற பன்னாட்டுச் சுற்றுப்போட்டியில் ஆஸ்திரியாவின் சார்பில் கலந்துகொண்டு ஆறாவது இடத்தைப் பெற்றார். அகஸ்டஸ் மொங்கிரிடியனுக்கு எதிராக இவர் வென்ற ஆட்டம் அழகிய ஆட்டத்துக்கான பரிசைப் பெற்றது. அப்போட்டியில் தமக்கு முந்தைய இடத்தைப் பெற்ற இத்தாலியரான செராஃபினோ துபுவாவை உடனே தனிப்போட்டிக்கு அழைத்து வென்றார். பின்னர் இலண்டனிலேயே தங்கித் தொழில்முறை ஆட்டக்காரராக வாழத் தொடங்கினார். அடுத்த இரண்டாண்டுகளில் ஜோசஃப் பிளாக்பர்ன் உள்ளிட்ட இங்கிலாந்தின் முன்னணி ஆட்டக்காரர்களைத் தனிப்போட்டிகளில் தோற்கடித்தார்.

1866இல் ஜெர்மானியரான அடோல்ஃப் ஆண்டர்சனுடன் இலண்டனில் ஆடினார். மோர்ஃபி போட்டிகளிலிருந்து விலகிவிட்ட நிலையில், ஆண்டர்சனே உலகின் முதன்மை ஆட்டக்காரராக மதிக்கப்பட்டார். பதினான்கு ஆட்டங்களில் ஒன்றுகூடச் சமநிலையில் முடியவில்லை. ஸ்டைனிட்ஸ் எட்டு ஆட்டங்களிலும் ஆண்டர்சன் ஆறு ஆட்டங்களிலும் வென்றனர். இருவருமே தாக்குதல் முறையில் ஆடிய இப்போட்டிக்குப் பின்னர் ஸ்டைனிட்ஸ் உலகின் வலிமை மிக்க தனிப்போட்டி ஆட்டக்காரராகக் கருதப்பட்டார். ஆயினும் சுற்றுப்போட்டிகளில் இவருக்கு உடனே முதலிடம் கிடைக்கவில்லை. 1867இல் பாரிசில் மூன்றாம் இடமும், அதே ஆண்டில் டண்டீயில் இரண்டாம் இடமும், 1870இல் பாடன்-பாடனில் ஆண்டர்சனுக்கு அடுத்து இரண்டாம் இடமும் பெற்றார். 1872இல் இலண்டன் சுற்றுப்போட்டியில் முதலிடம் பெற்ற பின்னர், ஜொஹன்னஸ் சூக்கர்டார்ட்டைத் தனிப்போட்டியில் 7 வெற்றி, 1 தோல்வி, 4 சமநிலை என்ற கணக்கில் எளிதாக வென்றார்.

ஆட்டமுறை மாற்றம்

1873இல் வியன்னாவில் நடந்த சுற்றுப்போட்டி ஸ்டைனிட்சின் வாழ்க்கையில் மட்டுமன்றிச் சதுரங்க வரலாற்றிலும் ஒரு திருப்புமுனை ஆகும். தாக்குதல் முறையில் புகழின் உச்சியை அடைந்திருந்த இவர், அம்முறையைத் தாமாகவே கைவிட்டு வேறுவிதமாக ஆடத் தொடங்கினார். போட்டியின் முடிவில் பிளாக்பர்னுடன் சம புள்ளிகள் பெற்று, கூடுதல் ஆட்டங்கள் இரண்டிலும் வென்று முதற்பரிசைப் பெற்றார். அப்போட்டியின் பிற்பகுதியில் தொடங்கிய இவருடைய தொடர் வெற்றி, 1876இல் பிளாக்பர்னை ஏழு ஆட்டங்களிலும் வென்ற தனிப்போட்டி வழியாக 1882 வரை நீடித்து 25 ஆட்டங்களை எட்டியது.

புதிய முறை பலருக்கும் விளங்கவில்லை. காய்களைக் காரணமின்றிப் பின்வாங்குவதாகவும், வீரமற்ற ஆட்டம் என்றும் விமர்சனங்கள் எழுந்தன. ஸ்டைனிட்ஸ் அவற்றுக்கு எழுத்தின் மூலம் விடையளித்தார். 1873 முதல் 1882 வரை இலண்டனின் தி ஃபீல்ட் இதழில் சதுரங்கப் பகுதியை எழுதினார். ஆட்டங்களை நகர்வு நகர்வாக ஆராய்ந்து, வெற்றிக்கும் தோல்விக்கும் காரணம் காட்டும் இவருடைய விளக்கங்கள் அதுவரை காணப்படாத ஆழம் கொண்டிருந்தன. அதே வேளையில் இவருடைய கடுமையான நடை பகைமைகளையும் வளர்த்தது. செஸ் மந்த்லி இதழை நடத்திய சூக்கர்டார்ட், லியோபோல்ட் ஹோஃபர் ஆகியோருடன் ஏற்பட்ட எழுத்துச் சண்டை பல ஆண்டுகள் நீடித்தது. 1882இல் தி ஃபீல்ட் பணியை ஸ்டைனிட்ஸ் இழந்தார். அப்பகுதி பின்னர் ஹோஃபரின் கைக்குச் சென்றது.

ஒன்பது ஆண்டுகள் சுற்றுப்போட்டிகளில் கலந்துகொள்ளாமல் இருந்த ஸ்டைனிட்ஸ், 1882இல் வியன்னாவுக்குத் திரும்பி சைமன் வினாவருடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். 1883ஆம் ஆண்டின் இலண்டன் சுற்றுப்போட்டியில் சூக்கர்டார்ட் 22 புள்ளிகளுடன் முதலிடம் பெற, ஸ்டைனிட்ஸ் 19 புள்ளிகளுடன் இரண்டாவதாக வந்தார். உலகின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. அதே ஆண்டில் ஸ்டைனிட்ஸ் இங்கிலாந்தை விட்டு நீங்கி நியூயார்க்கில் குடியேறினார்.

முதல் உலக வாகைப் போட்டி

நியூயார்க்கில் 1885இல் இன்டர்நேஷனல் செஸ் மேகசின் என்ற இதழைத் தொடங்கி 1891 வரை நடத்தினார். சூக்கர்டார்ட்டுடன் நீண்ட பேச்சுவார்த்தைக்குப் பின்னர் 1886 சனவரி 11 அன்று உலக வாகைப் பட்டத்துக்கென்றே அறிவிக்கப்பட்ட முதற்போட்டி தொடங்கியது. ஒவ்வொரு தரப்பும் 2,000 டாலர் பணயம் வைத்தன. முதலில் பத்து ஆட்டங்களில் வெல்பவருக்கே பட்டம் என்பது விதி.

நியூயார்க்கில் நடந்த ஐந்து ஆட்டங்களில் முதலாவதை ஸ்டைனிட்ஸ் வென்றார். அடுத்த நான்கையும் சூக்கர்டார்ட் தொடர்ந்து வென்றார். ஆட்டங்கள் சென்ட் லூயிஸ் நகருக்கு மாறியபோது நிலைமை மாறியது. அங்கு ஸ்டைனிட்ஸ் மூன்று ஆட்டங்களில் வென்று 4–4 எனச் சமன் செய்தார். எஞ்சிய ஆட்டங்கள் நியூ ஓர்லியன்சில் நடைபெற்றன. இரண்டாண்டுகளுக்கு முன்னர் இறந்த மோர்ஃபியின் சொந்த ஊர் அது. சூக்கர்டார்ட்டின் உடல்நலமும் மனவுறுதியும் தளர்ந்தன. அவர் அங்கு ஓர் ஆட்டத்தில் மட்டுமே வென்றார். மார்ச் 29 அன்று 10 வெற்றி, 5 தோல்வி, 5 சமநிலை என்ற கணக்கில் ஸ்டைனிட்ஸ் வாகை சூடினார். சூக்கர்டார்ட் அத்தோல்வியிலிருந்து மீளாமல் 1888இல் இலண்டனில் இறந்தார்.

ஸ்டைனிட்ஸ் எந்த ஆண்டிலிருந்து உலக வாகையாளர் என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆண்டர்சனை வென்ற 1866ஆம் ஆண்டையே சிலர் தொடக்கமாகக் கொள்கின்றனர். ஆனால் இரு தரப்பும் உலகப் பட்டத்துக்கான போட்டி என ஏற்றுக்கொண்டு ஆடியது 1886இல்தான் என்பதால், பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் அவ்வாண்டையே குறிப்பிடுகின்றனர்.

பட்டத்தைப் பாதுகாத்தல்

1888இல் ஸ்டைனிட்ஸ் அமெரிக்கக் குடியுரிமை பெற்றார். தம் முதற்பெயரை வில்லியம் என மாற்றிக்கொண்டார். அதே ஆண்டில் இவருடைய மகள் ஃபுளோரா இளம்வயதில் இறந்தார். 1892இல் மனைவி கரோலினும் இறந்தார். ஸ்டைனிட்ஸ் பின்னர் மறுமணம் செய்துகொண்டார். அத்திருமணத்தில் இரண்டு பிள்ளைகள் பிறந்தனர்.

பட்டத்தைப் பெற்றபின் எதிராளிகளைத் தவிர்க்க இவர் முயலவில்லை. தமக்குக் கடினமான எதிராளியாக விளங்கிய உருசியரான மிக்கைல் சிகோரினுடன் கியூபாவின் ஹவானா நகரில் 1889இல் ஆடி 10 வெற்றி, 6 தோல்வி, 1 சமநிலை என வென்றார். 1890–91இல் ஹங்கேரியில் பிறந்த இசிடோர் குன்ஸ்பெர்க்கை நியூயார்க்கில் 6 வெற்றி, 4 தோல்வி, 9 சமநிலை என வென்றார்.

சிகோரின் பழைய தாக்குதல் மரபின் வலிமையான வழக்கறிஞர். எவான்ஸ் கேம்பிட் என்ற தொடக்கத்தில் வெள்ளை ஒரு காலாளை விட்டுக்கொடுத்து விரைவான தாக்குதலைப் பெறும். கிடைத்த காலாளை வைத்துக்கொண்டு பொறுமையாகத் தற்காத்தால் இறுதியில் கறுப்பே வெல்ல வேண்டும் என்பது ஸ்டைனிட்சின் கொள்கை. இதைத் தம் நூலிலும் எழுதி, பட்டப் போட்டியிலும் ஆடிக்காட்டினார். அரசன் நடுவிலேயே சிக்கிக்கொள்ளும் ஆபத்தான நிலைகளைக்கூடக் கொள்கைக்காக ஏற்றார். 1890–91இல் தந்தி மூலம் இருவரும் இரண்டு ஆட்டங்கள் ஆடினர். ஸ்டைனிட்ஸ் தாம் பரிந்துரைத்த நகர்வுகளையே பிடிவாதமாக ஆடி இரண்டிலும் தோற்றார். ஆயினும் கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை.

1892இல் ஹவானாவில் நடந்த மறுபோட்டி மிக நெருக்கமானது. இருபத்து மூன்றாவது ஆட்டம் தொடங்கியபோது ஸ்டைனிட்ஸ் 9–8 என முன்னிலையில் இருந்தார். அந்த ஆட்டத்தில் ஒரு காய் மிகுதியாகப் பெற்று வெற்றி பெறும் நிலையில் இருந்த சிகோரின், தம் அரசனைக் காத்து நின்ற அமைச்சரை (மந்திரியை) வேறு கட்டத்துக்கு நகர்த்திவிட்டார். ஸ்டைனிட்சின் இரண்டு கோட்டைகளும் இரண்டே நகர்வுகளில் முற்றுகையிடும் நிலை உருவாக, சிகோரின் தோல்வியை ஒப்புக்கொண்டார். 10 வெற்றி, 8 தோல்வி, 5 சமநிலையுடன் பட்டம் ஸ்டைனிட்சிடமே தங்கியது.

லாஸ்கரிடம் தோல்வி

1894இல் ஜெர்மனியைச் சேர்ந்த இளம் கணிதவியலாளரான இமானுவேல் லாஸ்கர் ஸ்டைனிட்சை எதிர்கொண்டார். லாஸ்கருக்கு வயது 25. போட்டி முடிந்தபோது ஸ்டைனிட்சுக்கு வயது 58. 1862க்குப் பின் முக்கியமான தனிப்போட்டி எதிலும் தோற்காத வாகையாளரை லாஸ்கர் வெல்வார் எனப் பலர் எதிர்பார்க்கவில்லை. ஆட்டங்கள் நியூயார்க், பிலடெல்பியா, மொன்ட்ரியால் ஆகிய நகரங்களில் நடைபெற்றன.

முதல் ஆறு ஆட்டங்களில் இருவரும் சமமாக இருந்தனர். ஏழாவது ஆட்டத்தில் நல்ல நிலையில் இருந்தும் ஸ்டைனிட்ஸ் தோற்றார். அதிலிருந்து பதினொன்றாவது ஆட்டம் வரை தொடர்ந்து ஐந்து தோல்விகளைச் சந்தித்தார். பின்னர் பதின்மூன்றாம், பதினான்காம் ஆட்டங்களில் வென்று மீள முயன்றாலும், மே 26 அன்று 10 வெற்றி, 5 தோல்வி, 4 சமநிலை என்ற கணக்கில் லாஸ்கர் பட்டத்தைக் கைப்பற்றினார். முதுமையும் உடல்நலக் குறைவும் இத்தோல்விக்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. ஆயினும் சிறு அனுகூலங்களைச் சேர்ப்பதையும் உறுதியாகத் தற்காப்பதையும் லாஸ்கர் ஸ்டைனிட்சின் ஆட்டங்களிலிருந்தே கற்றிருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது. தம்மை வென்றவரின் கையில் ஸ்டைனிட்ஸ் கண்டது தம் சொந்தக் கருவிகளையே.

இறுதிக் காலம்

பட்டத்தை இழந்த பின்னரும் ஸ்டைனிட்ஸ் ஓய்வு பெறவில்லை. 1895இல் இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் நகரில் நடந்த புகழ்பெற்ற சுற்றுப்போட்டியில் ஐந்தாம் இடம் பெற்றார். அங்கு கர்ட் வான் பார்டலேபனுக்கு எதிராக இவர் ஆடிய ஆட்டம் சதுரங்க வரலாற்றின் மிக அழகிய ஆட்டங்களுள் ஒன்று. இவருடைய கோட்டை எதிராளியின் காய்களுக்கு நடுவே புகுந்து, எவராலும் வெட்டமுடியாதபடி கட்டம் கட்டமாக முற்றுகை இட்டுக்கொண்டே சென்றது. தோல்வியைக் கண்ட பார்டலேபன் எதுவும் கூறாமல் அரங்கை விட்டு வெளியேறி, தம் கடிகாரத்தை ஓடவிட்டார். ஸ்டைனிட்ஸ் எஞ்சிய நகர்வுகளைப் பார்வையாளர்களுக்கு விளக்கிக் காட்டினார். இளமையில் கைவிட்ட தாக்குதல் கலையை இவர் மறந்துவிடவில்லை என்பதற்கு இந்த ஆட்டம் சான்று. முன்பு தாக்குதலே தொடக்கமாக இருந்தது. இப்போது நல்ல நிலையின் விளைவாகத் தாக்குதல் வந்தது.

1895–96இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் நால்வர் மட்டும் ஆடிய சுற்றுப்போட்டியில் லாஸ்கருக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்றார். ஆனால் 1896 நவம்பரில் மாஸ்கோவில் தொடங்கிய மறுபோட்டியில் லாஸ்கர் 10 வெற்றி, 2 தோல்வி, 5 சமநிலை என மிக எளிதாக வென்றார். போட்டி முடிந்த சில வாரங்களில் ஸ்டைனிட்ஸ் மனநோய்க்கு ஆளாகி மாஸ்கோவிலுள்ள மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அவர் இறந்துவிட்டதாகச் சில செய்தித்தாள்கள் தவறாக அறிவித்தன. ஏறத்தாழ நாற்பது நாட்களுக்குப் பின்னர் விடுவிக்கப்பட்ட அவர், அடுத்த ஆண்டிலேயே வியன்னா சுற்றுப்போட்டியில் ஆடி, தம் 62ஆம் வயதில் நான்காம் இடம் பெற்றார்.

குடும்பத்தைக் காக்க ஆட்டத்தைத் தவிர வேறு வழி இவருக்கு இல்லை. 1899ஆம் ஆண்டின் இலண்டன் சுற்றுப்போட்டியில், நாற்பது ஆண்டுக்கால ஆட்ட வாழ்வில் முதன்முறையாகப் பரிசு எதுவும் பெறாமல் திரும்பினார். 1900இல் நோய் மீண்டும் முற்றி, நியூயார்க்கின் வார்ட்ஸ் தீவிலுள்ள மன்ஹாட்டன் அரசு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டு, ஆகஸ்ட் 12 அன்று அங்கேயே இறந்தார். இறந்தபோது மனைவியும் இரண்டு சிறு பிள்ளைகளும் வறுமையில் விடப்பட்டனர். புரூக்ளினிலுள்ள எவர்கிரீன்ஸ் இடுகாட்டில் இவர் அடக்கம் செய்யப்பட்டார். இறுதி நாட்களில் இவர் கடவுளுடன் சதுரங்கம் ஆடியதாகக் கூறிக்கொண்டார் எனப் பரவலாக வழங்கும் கதைக்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை.

ஸ்டைனிட்சின் கோட்பாடுகள்

ஸ்டைனிட்சுக்கு முந்திய ஆட்டக்காரர்கள் வெற்றியை மேதைமையின் விளைவாகக் கருதினர். சிறந்த கற்பனை உடையவர் எந்த நிலையிலும் தாக்கி வெல்லலாம் என்பது பொதுக் கருத்து. ஸ்டைனிட்ஸ் இதை மறுத்தார். தொடக்கத்தில் இரு தரப்பும் சமமாக உள்ளன. இருவரும் சரியாக ஆடினால் அச்சமநிலை தொடர வேண்டும். எனவே எதிராளி தவறு செய்து சமநிலை குலைந்தால் மட்டுமே தாக்குதல் வெற்றி தரும் என்பது இவருடைய அடிப்படைக் கோட்பாடு. இதிலிருந்து பின்வரும் கருத்துகள் உருவாயின:

- பெரிய அனுகூலம் ஒரே நகர்வில் கிடைப்பதில்லை. சிறு சிறு அனுகூலங்களைச் சேர்த்து வைப்பதே வெற்றிக்கு வழி.
- காலாட்களின் அமைப்பே நிலையின் எலும்புக்கூடு. காலாளால் காக்க முடியாத கட்டங்கள் நிரந்தரமான பலவீனங்கள் ஆகும்.
- திறந்த நிலைகளில் இரண்டு அமைச்சர்களையும் வைத்திருப்பது ஓர் அனுகூலம்.
- அனுகூலம் உள்ளவர் தாக்க வேண்டும். தாக்காவிட்டால் அந்த அனுகூலத்தை இழக்க நேரிடும். தாக்குதல் எதிராளியின் பலவீனமான இடத்தை நோக்கியே அமைய வேண்டும்.
- தற்காப்பவர் தேவைக்கு மேல் எதையும் விட்டுக்கொடுக்கக்கூடாது. குறிப்பாக, அரசனுக்கு முன்னுள்ள காலாட்களை அவசியமின்றி நகர்த்தக்கூடாது.
- அரசனும் ஒரு வலிமையான காய். தன்னைத் தானே காத்துக்கொள்ளும் ஆற்றல் அதற்கு உண்டு.

கடைசிக் கருத்தை இவர் எல்லை வரை கொண்டு சென்றார். இவர் பெயரால் வழங்கும் ஸ்டைனிட்ஸ் கேம்பிட் தொடக்கத்தில், பலகை நிறையக் காய்கள் இருக்கும்போதே வெள்ளை அரசன் இரண்டாம் வரிசைக்கு வெளியேறுகிறான். பிற்கால ஆட்டக்காரர்கள் இதை ஏற்கவில்லை. ஆனால் ரூய் லோபஸ் தொடக்கத்தில் கறுப்பு மூன்றாம் நகர்விலேயே அரசிக்கு முன்னுள்ள காலாளை ஒரு கட்டம் நகர்த்தும் ஸ்டைனிட்ஸ் தற்காப்பு நெடுங்காலம் பயன்பட்டது.

எழுத்துப் பணி

இதழ்களில் எழுதியவை தவிர, 1889இல் வெளிவந்த தி மாடர்ன் செஸ் இன்ஸ்ட்ரக்டர் இவருடைய முக்கிய நூலாகும். அதே ஆண்டில் நியூயார்க்கில் நடந்த ஆறாவது அமெரிக்கச் சதுரங்க மாநாட்டின் ஆட்டங்களையும் விளக்கக் குறிப்புகளுடன் நூலாகத் தொகுத்தார். தம் கோட்பாடுகள் அனைத்தையும் ஒரே நூலில் இவர் முறைப்படுத்தி எழுதவில்லை. அவை ஆட்டக் குறிப்புகளிடையே சிதறிக் கிடந்தன.

உலக வாகைப் போட்டிகள்

- 1886: ஜொஹன்னஸ் சூக்கர்டார்ட் – வெற்றி (10–5, 5 சமநிலை)
- 1889: மிக்கைல் சிகோரின் – வெற்றி (10–6, 1 சமநிலை)
- 1890–91: இசிடோர் குன்ஸ்பெர்க் – வெற்றி (6–4, 9 சமநிலை)
- 1892: மிக்கைல் சிகோரின் – வெற்றி (10–8, 5 சமநிலை)
- 1894: இமானுவேல் லாஸ்கர் – தோல்வி (5–10, 4 சமநிலை)
- 1896–97: இமானுவேல் லாஸ்கர் – தோல்வி (2–10, 5 சமநிலை)

தாக்கம்

சிதறிக் கிடந்த ஸ்டைனிட்சின் கருத்துகளைப் பிற்காலத்தவரே தொகுத்து உலகுக்கு அளித்தனர். ஜெர்மானியரான சீக்பர்ட் டாராஷ் அவற்றை எளிய விதிகளாக மாற்றிக் கற்பித்தார். ஸ்டைனிட்சை இருமுறை தோற்கடித்த லாஸ்கர், 1920களில் வெளியிட்ட சதுரங்கக் கையேட்டில் அவருடைய கோட்பாட்டை விரிவாக விளக்கி, அவரைச் சிந்தனையாளராகப் போற்றினார். பின்னர் வந்த வாகையாளர்களின் ஆட்டமுறைகள் ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. கப்பாபிளாங்காவின் எளிமை, அலேகினின் கூட்டுத் தாக்குதல், பொத்வின்னிக்கின் திட்டமிட்ட ஆயத்தம், பெத்ரோசியனின் தற்காப்பு ஆகிய அனைத்தும் ஸ்டைனிட்ஸ் அமைத்த அடித்தளத்தின் மீதே எழுந்தன.

1886இல் இவர் தொடங்கிவைத்த பட்ட வரிசையில், சென்னையைச் சேர்ந்த விசுவநாதன் ஆனந்த் பதினைந்தாவது வாகையாளராகவும், 2024இல் பட்டம் வென்ற குகேஷ் பதினெட்டாவது வாகையாளராகவும் இடம்பெற்றனர்.